காவேரிப்பட்டணத்து ஹாலில் 1.83 ஓம்: ஸ்பீக்கர் வயர் மாற்றிய வேலைப் பதிவு

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் ஒரு தரைத்தள வீடு. ஒன்பது இன்ச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், 24க்கு 14 அடி ஹால். எல்எம்3886 சிப் போட்டு ±28 வோல்ட் சப்ளையில் கட்டிய ஸ்டீரியோ ஆம்ப் வலது சுவர் அலமாரியில் இருக்கிறது. டிவி சுவரின் இரு பக்கமும் ஆளுயரத்தில் பாதி இருக்கும் டூ-வே (பாஸுக்கு வூஃபர், உயர் ஓசைக்கு ட்வீட்டர்) ஸ்பீக்கர்கள், மூடிய பெட்டி, பின்னால் 6 ஓம் என்று அச்சிட்டிருக்கிறது. புகார் இதுதான்: பாடுபவர் நடுவில் நிற்காமல் வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறார்; இடது ஸ்பீக்கரில் ஆண் குரல் மெலிந்து போகிறது, தவில் அடி அடித்த இடத்தில் நிற்காமல் இழுக்கிறது.

வயரைத் தொடும் முன் இரண்டு மாற்றுச் சோதனைகள் செய்ய வேண்டும். இடது ஸ்பீக்கரை வலது இடத்துக்கும், வலதை இடது இடத்துக்கும் மாற்றினோம். கோளாறு இடப்பக்கமே நின்றது, ஆகவே ஸ்பீக்கர் நல்லது. ஆம்ப்பின் பின்னால் இடது, வலது வயர்களை மாற்றிச் செருகினோம். அப்போதும் இடப்பக்கமே. ஆம்ப்பும் நல்லது. மிச்சம் இருப்பது அறையும் வயரும். அறைதான் காரணம் என்றால் ஸ்பீக்கரின் முனையில் அளக்கும் வோல்டேஜ் இரு பக்கமும் ஒன்றாக இருக்கும். அதை அளந்தாலே வழக்கு தீர்ந்துவிடும்.

பேட்டரி சோதனையையும் அப்போதே முடித்துவிடலாம். 1.5 வோல்ட் பென்டார்ச் செல்லின் பிளஸ்ஸை, ஆம்ப் பக்கம் கழற்றிய சிவப்பு வயரிலும் மைனஸைக் கருப்பிலும் ஒரு நொடி தொட்டால் வூஃபர் கூம்பு வெளியே வர வேண்டும். உள்ளே போனால் எங்கோ சிவப்பும் கருப்பும் இடம் மாறியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தலைகீழாக இருந்தால் இரண்டு ஸ்பீக்கரின் பாஸும் ஒன்றையொன்று கரைத்துவிடும். அந்த இழப்போடு ஒப்பிட்டால் இந்தப் பதிவில் வரும் வயர்க் கணக்கெல்லாம் சிறியது. இங்கே இரண்டும் சரியாகவே இருந்தன.

சாதா மல்டிமீட்டரில் பிடிபடும் அளவு

போனில் சிக்னல் ஜெனரேட்டர் ஆப் ஒன்று போதும். 180 ஹெர்ட்ஸ் சைன் ஓசை விட்டு, ஆம்ப் முனையில் மல்டிமீட்டர் ஏசியில் 2.83 வோல்ட் காட்டும்வரை வால்யூம் வைத்தோம். 8 ஓமில் 1 வாட் வருவது இந்த வோல்டேஜில். எல்லோரும் ஒப்பிட வசதியான எண். பிறகு வால்யூமைத் தொடாமல் ஸ்பீக்கர் முனையில் அளந்தோம். வலது 2.39 வோல்ட். இடது 1.88 வோல்ட். ஆம்ப் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே தொலைந்திருக்கிறது.

அதே அளவை 60 ஹெர்ட்ஸில் எடுத்தால் வலது 2.75, இடது 2.63. அங்கே பெரிய இழப்பு இல்லை. ஒரே வயர், ஒரே ஆம்ப், ஆனால் ஒரு ஸ்வரத்தில் அதிகம் தின்கிறது, இன்னொன்றில் கொஞ்சம்தான். காரணம் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதாவது மாறி மாறி ஓடும் கரண்டுக்கு அது காட்டும் எதிர்ப்பு, எல்லா அலைவரிசையிலும் ஒரே எண் அல்ல. ஸ்பீக்கரோடு தொடராக 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் போட்டு, ஒவ்வொரு அலைவரிசையிலும் ஸ்பீக்கர் மேல் விழும் வோல்டேஜை ரெசிஸ்டர் மேல் விழும் வோல்டேஜால் வகுத்து 10ஆல் பெருக்கினால் இம்பீடன்ஸ் கிடைக்கும். இந்த ஸ்பீக்கருக்கு 60 ஹெர்ட்ஸில் 24 ஓம், 180 ஹெர்ட்ஸில் வெறும் 3.6 ஓம். ஸ்பீக்கர்களுக்கான ஐஇசி 60268-5 தரப்படி குறைந்தபட்ச இம்பீடன்ஸ், அச்சிட்ட எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 6 ஓம் என்று எழுதினால் 4.8க்குக் கீழே போகக் கூடாது. 4 ஓம் என்று எழுதியிருந்தால் எல்லை 3.2, இந்த 3.6 அதற்குள் அடங்கியிருக்கும். வயர் தடிமன் முடிவு செய்யும்போது பெட்டியின் பின்பக்க எண்ணை நம்ப வேண்டாம், குறைந்தபட்ச எண்ணைத் தேடுங்கள்.

மலிவு மல்டிமீட்டர்களின் ஏசி ரேஞ்ச் சுமார் 400 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பகம். இங்கே பார்க்கும் பாஸ் பக்கத்துப் பள்ளமும் மேடும் அதற்குக் கீழேயே வந்துவிடுவதால் இந்தச் சோதனைக்கு அது குறையல்ல.

ஒரு எச்சரிக்கை. டிபிஏ3116 போன்ற கிளாஸ்-டி போர்டுகளில் இரண்டு அவுட்புட் முனையும் உயிருள்ளவை, கிரவுண்ட் கிடையாது. பேட்டரி மல்டிமீட்டர் வைக்கலாம். கம்ப்யூட்டர் சவுண்ட் கார்டையோ ஆசிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பையோ மைனஸ் முனையில் மாட்டினால் அவுட்புட் ஷார்ட் ஆகி சிப் போய்விடலாம்.

மில்லிஓமை அளப்பது

வயரின் தடையை மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் பார்த்துப் பயனில்லை. புரோப் வயரே 0.2, 0.3 ஓம் காட்டும். அளக்க வேண்டியதும் அதே அளவு. வேறு வழி எடுக்க வேண்டும்: தெரிந்த கரண்டை ஓட்டி, விழும் வோல்டேஜை அளப்பது.

தேவை ஒரு 12 வோல்ட் பைக் பேட்டரி, இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்று, 3 ஆம்பியர் ஃபியூஸ். ஆம்ப், ஸ்பீக்கர் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். ஸ்பீக்கர் முனையில் சிவப்பையும் கருப்பையும் நன்றாக முறுக்கி இணைத்துவிடுங்கள். ஆம்ப் முனையில் பேட்டரி, ஃபியூஸ், பல்பு, மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் ரேஞ்ச் எல்லாம் தொடராக. இரண்டாவது மல்டிமீட்டரை டிசி வோல்டில் வைத்து, பேட்டரி கிளிப் கடித்திருக்கும் இடத்துக்கு ஒரு விரல் தள்ளி வயரின் மேலேயே நேரடியாகக் குத்த வேண்டும். கிளிப் மேல் குத்தினால் கிளிப்பின் தடையும் சேர்ந்துவிடும். பல்பு கரண்டைக் கட்டுப்படுத்துகிறது, வயருக்கு ஆபத்தில்லை.

இடது பக்கம்: 1.55 ஆம்பியர் ஓடும்போது 2.84 வோல்ட். வகுத்தால் 1.83 ஓம். வலது பக்கம் 0.66 ஓம்.

வலது வயர் 6 மீட்டர், இடது 14 மீட்டர். முன்சுவரில் ஜன்னல் இருந்ததால் முதலில் போட்டவர் இடது வயரை மேலே தளத்துக்கு ஏற்றி, பின்சுவரைச் சுற்றி, இரண்டு கதவு நிலைக்கு மேலே கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். நீள விகிதப்படி பார்த்தால் 6 மீட்டருக்கு 0.66 என்றால் 14க்கு 1.54தான் வர வேண்டும். மிச்சம் 0.29 ஓம் எங்கே?

பின்சுவரில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் இருந்தது. அதற்குள் இரண்டு முறுக்கு இணைப்பு, மேலே டேப். ஆற்றங்கரை ஊர், மழைக்காலத்தில் ஈரம் ஏறும் சுவர். டேப்பைப் பிரிக்கும் முன் இரு இணைப்புகளின் இரு பக்கமும் ஊசி குத்தி அதே 1.55 ஆம்பியரில் அளந்தபோது 0.21, 0.22 வோல்ட். இரண்டும் சேர்ந்து 0.28 ஓம், கணக்கு நேராகிவிட்டது. பிரித்துப் பார்த்தால் இழைகளின் மேல் வெள்ளைப் பொடி.

காப்பர் நிறம், உள்ளே அலுமினியம்

வெள்ளைப் பொடி காப்பரில் வராது. காப்பர் கெட்டால் பச்சையும் கருப்பும்தான். பிளேடால் ஓர் இழையைச் சுரண்டியதும் உள்ளே வெள்ளி நிறம் வந்தது. லைட்டர் தீயில் காட்டினால் காப்பர் இழை செக்கச் சிவந்து அப்படியே நிற்கும். இது தொய்ந்து உருண்டையாகிவிட்டது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், காப்பருக்கு 1085 டிகிரி வேண்டும். காப்பர் பூசிய அலுமினியம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. தங்கத் தராசில் போட்டாலும் தெரியும்: ஒரு மீட்டர் இழைக்கற்றை 1.7 கிராம், அதே கனத்தில் காப்பர் என்றால் 4.4 கிராம் இருக்க வேண்டும்.

உறையின் மேல் 1.5 என்று அச்சு. உள்ளே 0.15 மி.மீ. இழை 28 மட்டும். ஓர் இழையின் பரப்பு 0.0177 சதுர மி.மீ.; 28ஆல் பெருக்கினால் 0.5 சதுர மி.மீ. கூட நிறையவில்லை. தடித்த கண்ணாடி உறைதான் வயரைப் பெரிதாகக் காட்டியிருக்கிறது. பரப்பு மூன்றில் ஒரு பங்கு, உலோகத்தின் தடை காப்பரைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். இரண்டும் சேர்ந்தால் எழுதியிருப்பதைப் போல நாலரை மடங்குக்கு மேல் தடை.

காப்பர் பூசிய அலுமினியத்தைத் தடை கூடுதல் என்பதற்காக மட்டும் ஒதுக்கவில்லை. தடையை ஈடுகட்ட ஒரு சைஸ் பெரிதாகப் போட்டால் போதும். ஆனால் வெட்டிய நுனியிலும் முறுக்கிய இடத்திலும் மேற்பூச்சு கிழிந்து அலுமினியம் காற்றுபடும். காற்றுபட்ட நொடியே அதன் மேல் ஆக்சைடு படலம் ஏறும், அந்தப் படலம் மின்சாரம் கடத்தாது. ஈரம் சேர்ந்தால் இரண்டு உலோகத்துக்கும் இடையே அரிப்பும் தொடங்கும். திருகில் இறுக்கினாலும் அலுமினியம் மெல்ல நசுங்கிக் கொடுத்துத் தளர்ந்துபோகும். சுவருக்குள் புதைக்கும் வேலையில் இதைப் போடவே கூடாது.

1.83 ஓம் காதில் என்ன செய்கிறது

180 ஹெர்ட்ஸில் 3.6 ஓம் ஸ்பீக்கரோடு 1.83 ஓம் வயர் சேரும்போது இழப்பு 3.6 டெசிபல். 60 ஹெர்ட்ஸில் 24 ஓமோடு சேரும்போது 0.6 டெசிபல் மட்டும். இழப்பு எல்லா இடத்திலும் சமமாக இருந்திருந்தால் வால்யூமைக் கொஞ்சம் கூட்டிச் சரிசெய்துவிடலாம். சமமாக இல்லாததால் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் வரைபடமே ஓசையின் மேல் 3 டெசிபல் மேடுபள்ளமாக அச்சாகிவிடுகிறது. ஆண் குரலின் உடம்பு இருக்கும் இடம் 100 முதல் 250 ஹெர்ட்ஸ். அங்கேதான் பள்ளம். வலது பக்க இழப்பு அதே இடத்தில் 1.5 டெசிபல்தான், ஆகவே இரு பக்க வித்தியாசம் 2 டெசிபலுக்கு மேல். பாடுபவர் வலப்பக்கம் நகர்ந்ததற்கு விடை அதுவே.

தவில் இழுப்பதற்குக் காரணம் வேறு. கூம்பு தானாக ஆடும்போது வாய்ஸ் காயில் ஒரு ஜெனரேட்டர் ஆகிறது. அந்தக் கரண்ட் வயர் வழியே ஆம்ப்புக்குள் போய்ச் சுற்றி வரும்போதுதான் கூம்புக்குப் பிரேக் விழும். சுற்றில் தடை கூடினால் பிரேக் தளரும். இந்த ஸ்பீக்கரின் முனையில் டிசி தடை 3.3 ஓம். அதோடு 1.83 சேர்ந்தால் 5.13. இம்பீடன்ஸ் வரைபடத்திலிருந்து கணக்கிட்டால் பெட்டியின் கியூ (கூம்பின் ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதைக் காட்டும் எண்; கூடினால் அடங்க நேரமாகும்) 0.73 ஆக இருந்தது 1.06க்கு ஏறியிருக்கிறது. 0.7 பக்கம் இருந்தால் பாஸ் சமதளமாக இறங்கும், 1.06 என்றால் ஒன்றரை டெசிபல் வீக்கம், அடி முடிந்த பிறகும் ஓர் ஆட்டம் மிச்சம்.

ஆம்ப் விளம்பரத்தில் வரும் டேம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கரின் 8 ஓமை ஆம்ப்பின் உள்தடையால் வகுத்த எண்) 200, 500 எல்லாம் இந்த இடத்தில் அர்த்தம் இழந்துவிடும். ஆம்ப்பின் உள்தடை 0.04 ஓமா 0.016 ஓமா என்பதைவிட வாய்ஸ் காயிலின் சொந்தத் தடை பல பத்து மடங்கு பெரிது, அது சுற்றைவிட்டுப் போகாது. வயர் 0.2 ஓமுக்குள் அடங்கிவிட்டால் பிரேக்கில் மேற்கொண்டு சம்பாதிக்க அநேகமாக எதுவும் இல்லை.

எந்த சைஸ்

நெளியும் காப்பர் வயருக்கு 20 டிகிரியில் தரம் அனுமதிக்கும் அதிகபட்சத் தடை, ஒரு கிலோமீட்டர் ஒற்றை வயருக்கு:

0.75 சதுர மி.மீ. – 26 ஓம்
1 சதுர மி.மீ. – 19.5 ஓம்
1.5 சதுர மி.மீ. – 13.3 ஓம்
2.5 சதுர மி.மீ. – 7.98 ஓம்
4 சதுர மி.மீ. – 4.95 ஓம்

போக ஒன்று, வர ஒன்று; மறக்காமல் இரண்டால் பெருக்க வேண்டும். இணைய அட்டவணைகளைப் பார்த்து வாங்குபவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். வயர்த் தடை, ஸ்பீக்கரின் குறைந்தபட்ச இம்பீடன்ஸில் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது இங்கே எடுத்துக்கொண்ட எல்லை. 3.6க்கு அது 0.18 ஓம்.

பழைய 14 மீட்டர் வழியிலேயே 2.5 போட்டால் 0.22 ஓம், எல்லை தாண்டுகிறது. 4 போட்டால் 0.14. ஆனால் 4 சதுர மி.மீ. ஜோடி, சுவர் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் கேசிங்கில் அடங்காது, ஆம்ப் முனையிலும் சிரமம். வழியைக் குறைப்பதே மேல். ஜன்னலுக்குக் கீழே டிவி அலமாரியின் பின்னால் முன்சுவர் ஓரமாகப் போனால் இடது பக்கம் 9.5 மீட்டரில் முடிகிறது. 2.5 போட்டால் 0.15 ஓம். எத்தனை விலை உயர்ந்த வயராலும் கிடைக்காத முன்னேற்றம் நான்கரை மீட்டர் குறைத்ததில் வந்தது.

இரண்டு பக்கமும் ஒரே நீளம் இருந்தாக வேண்டும் என்று வலது வயரையும் 9.5 மீட்டர் வெட்டிச் சுருட்டி வைக்கத் தேவையில்லை. 6 மீட்டர், 9.5 மீட்டர் இரண்டும் 2.5 சைஸில் இருக்கும்போது 180 ஹெர்ட்ஸில்கூட வித்தியாசம் 0.13 டெசிபல். சிக்னல் மூன்றரை மீட்டர் தாண்ட நானோ நொடிகள்தான் ஆகும். ஸ்பீக்கரை ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் வரும் தாமதம் அதைவிட நூறு மடங்குக்கும் மேல்.

இந்தப் பக்கத்து மாரியம்மன் திருவிழாக்களில் தெரு நெடுகக் குழாய் ஸ்பீக்கர் கட்டி, மெல்லிய வயரில் அரை கிலோமீட்டர் ஓட்டுகிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வி எழும். அது 100 வோல்ட் லைன். ஒவ்வொரு குழாயிலும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. 30 வாட் குழாய் ஒன்று லைனுக்கு 333 ஓமாகத் தெரியும். 10 ஓம் வயர் அதில் 3 சதவீதம். அதே 10 ஓம் வீட்டு ஸ்பீக்கரின் முன்னால் வந்தால் ஓசை வெகுவாக இறங்கிவிடும். வயர் மெல்லியதா தடித்ததா என்பது எதோடு சேர்கிறது என்பதைப் பொறுத்தது.

கடையில் 2.5 சதுர மி.மீ. வீட்டு வயரிங் வயரே கேட்டு வாங்கினோம்: ஐஎஸ் 694 (பிவிசி உறை வயருக்கான இந்தியத் தரம்) முத்திரை உள்ளது, சிவப்பு 18 மீட்டர், கருப்பு 18 மீட்டர். 90 மீட்டர் காயில் முழுதாக வாங்க வேண்டியதில்லை, கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் மின்சாதனக் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். காப்பர் விலை அடிக்கடி மாறுவதால் ரூபாய்க் கணக்கு எழுதவில்லை. வெட்டும் முன் நுனியைச் சுரண்டிப் பாருங்கள். 20 செ.மீ. துண்டின் காப்பர் மட்டும் 4 கிராமுக்குக் கீழே போனால் எடுக்க வேண்டாம்.

ஆக்சிஜன் நீக்கிய காப்பர் வேண்டுமா? சாதாரண மின்கம்பிக் காப்பரைவிட அதன் கடத்தும் திறன் ஒரு சதவீத அளவே கூடுதல். வெள்ளியே காப்பரைவிட 6 சதவீதம்தான் மேல். ஒரு சைஸ் ஏற்றினால் கிடைப்பது 60 சதவீதம். உறையின் மேல் அம்புக்குறி போட்டுத் திசை காட்டும் வயர்களும் வருகின்றன. ஸ்பீக்கரில் ஓடுவது இரு திசையும் மாறி மாறிப் போகும் கரண்ட். அந்த அம்புக்கு மின்சாரத்தில் பொருள் இல்லை.

இரண்டு பைப்பில் இரண்டு வயர்

வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் முன்சுவரில் ஏற்கெனவே புதைந்திருந்த இரண்டு காலிப் பைப்பைக் காட்டினார். "ரெண்டு பைப்பு சும்மாதாங்க கெடக்குது. ஒண்ணுல செவப்பு, ஒண்ணுல கருப்பு இழுத்துட்டா கேசிங்கே வேணாங்க." இரண்டும் ஓரடி தள்ளி ஓடுபவை. விளக்குக்கு இழுப்பதாக இருந்தால் அவர் சொன்னது சரி. ஸ்பீக்கருக்கு அது சரிப்படாது, காரணம் இண்டக்டன்ஸ்.

போகும் கரண்டும் வரும் கரண்டும் ஒட்டி ஓடினால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும். பிரிந்து ஓடினால் நடுவில் பெரிய வளையம் உருவாகும். 2.5 வயர் இரண்டும் ஒட்டி இருக்கும்போது நடுவிலிருந்து நடுவுக்கு 3.6 மி.மீ.; இண்டக்டன்ஸ் மீட்டருக்கு சுமார் 0.6 மைக்ரோஹென்றி. 30 செ.மீ. தள்ளினால் 2.4 மைக்ரோஹென்றி, நான்கு மடங்கு. 9.5 மீட்டருக்குக் கணக்கிட்டால் ஒட்டியிருக்கும்போது 20 கிலோஹெர்ட்ஸில் 0.7 ஓம் எதிர்ப்பு, பிரித்தால் 2.8 ஓம். ட்வீட்டர் அங்கே 5 ஓம் என்று வைத்தால் முதலாவதில் இழப்பு 0.1 டெசிபலுக்குள், இரண்டாவதில் 1.2 டெசிபல். தாளச் சத்தத்தின் மினுமினுப்பு மங்கும். இந்த எதிர்ப்பு சாதாரணத் தடையைப் போல நேராகக் கூடாமல் 90 டிகிரி விலகி நிற்பதால்தான் 2.8 ஓம் இருந்தும் இழப்பு இவ்வளவோடு நிற்கிறது. பழைய வீடுகளில் இரும்புப் பைப் இருக்கும். அதற்குள் ஒற்றை வயர் மட்டும் போனால் இரும்பு காந்தப்புலத்தைப் பெருக்கி இன்னும் மோசமாக்கும்.

வளையம் ஆண்டெனா வேலையும் செய்யும். பக்கத்தில் ஓடும் மெயின்ஸ் வயரின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அது பிடித்துக்கொள்ளக்கூடும். இதைச் சொன்னதும் எலக்ட்ரீஷியனே, "அப்ப ரெண்டையும் முறுக்கிப் போட்டுடலாங்க" என்றார். அதைத்தான் செய்தோம்.

230 வோல்ட் ஓடும் பைப்பில் இடம் இருந்தாலும் ஸ்பீக்கர் வயரை அதற்குள் நுழைக்கக் கூடாது. உறை எங்காவது உரசிக் கிழிந்தால் ஸ்பீக்கர் முனையில் மெயின்ஸ் வந்து நிற்கும், அதைத் தொடுவது வீட்டுக் குழந்தையாக இருக்கலாம்.

முறுக்கி இழுத்தது

இடது பக்கத்துக்கு ஒவ்வொன்றும் 10.3 மீட்டர். ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டி, மறு நுனிகளை டிரில் சக்கில் பிடித்து, இழுவை தளராமல் மிக மெதுவாக ஓட்ட வேண்டும். 5 செ.மீ.க்கு ஒரு சுற்று போதும். நெருக்கமாக முறுக்கினால் நீளம் குறையும், வயர் முறைத்துக்கொண்டு கேசிங்கில் படியாது. நிறுத்தியதும் சக்கை விட்டுவிடாதீர்கள். வயர் பின்னோக்கிச் சுழன்று முகத்தில் அடிக்கும். கையால் பிடித்துச் சில சுற்று தளரவிட்டுப் பிறகு எடுங்கள். வலது பக்கத்துக்கு 6.5 மீட்டர் ஜோடி ஒன்று. நடுவில் இணைப்பு எங்கும் கிடையாது.

மாந்தோப்பை ஒட்டிய வீடுகளில் எலியும் அணிலும் உறையைக் கடிப்பது வழக்கம். ஆகவே கேசிங்கின் இரு முனையிலும் வயர் வெளியே வரும் துளையைச் சிலிக்கான் போட்டு அடைத்தோம். மொட்டைமாடி ஓரம் வயர் ஓட்டுபவர்களுக்கு ஒரு கணக்கு: காப்பரின் தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். வெயிலில் பைப் 60 டிகிரி ஆனால் அட்டவணை எண்ணைவிட 16 சதவீதம் கூடுதல். எல்லைக்கு ஒட்டிச் சைஸ் எடுத்திருந்தால் அங்கே அது தாண்டிவிடும்.

முனைகளில் எட்டு ஃபெருல் (வயர் நுனியில் மாட்டி அழுத்தும் சின்ன உலோகக் குழாய்), 2.5 சைஸ். உறையை 10 மி.மீ. உரித்து, ஓர் இழையும் வெளியே நிற்காமல் உள்ளே விட்டு, ஃபெருலுக்கான கிரிம்பரால் அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கினால் பாதி இழை அறுந்துவிடும். நுனிக்கு ஈயம் பூசித் திருகில் இறுக்கும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல வழிந்து இடம் கொடுக்கும். சில மாதத்தில் திருகு தளரும், மறுபடி 0.2 ஓம். வெளியே நீட்டிய ஒற்றை இழை அடுத்த முனையைத் தொட்டாலும் ஆம்ப்புக்கு ஷார்ட். ஆம்ப்பில் ஸ்பிரிங் கிளிப் மட்டும் இருந்து 2.5 நுழையவில்லை என்றால் முனையில் 15 செ.மீ. மட்டும் 1.5 வயர் சேர்த்துக்கொள்ளலாம். இரு வயருக்கும் சேர்த்து 4 மில்லிஓம்தான் கூடும். பனானா பிளக் நல்லதாக வேண்டுமென்றால் எலக்ட்ரானிக் உதிரிக் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோடு போவது நேரத்தை மிச்சமாக்கும்.

கபாசிட்டன்ஸ் பற்றிக் கவலை எங்கே

பக்கம் பக்கமாக ஓடும் இரண்டு வயர் ஒரு சிறு கபாசிட்டர் போலவும் நடந்துகொள்ளும். எல்சிஆர் மீட்டரில் (இண்டக்டன்ஸ், கபாசிட்டன்ஸ், தடை அளக்கும் கருவி) புதிய இடது ஜோடி 0.9 நானோஃபேரட். 20 கிலோஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட 9,000 ஓம் எதிர்ப்பு. 5 ஓம் ட்வீட்டரின் பக்கத்தில் அது இருப்பதே தெரியாது. தூர முனையை ஷார்ட் செய்து இண்டக்டன்ஸ் எடுத்தால் 5.9 மைக்ரோஹென்றி. சின்னத் திரையோடு மலிவாக வரும் காம்போனென்ட் டெஸ்டர்கள் 10 மைக்ரோஹென்றிக்குக் கீழே படிக்காது, அதில் பூஜ்யம் வந்தால் ஏமாற வேண்டாம்.

ஓசைக்குக் கபாசிட்டன்ஸ் தீங்கு செய்யாது, ஆம்ப்புக்குச் செய்யலாம். பல இழைகளைப் பின்னிச் செய்யும் வயர்களிலும் அகலப் பட்டை வயர்களிலும் இது பல மடங்கு ஏறும். அப்போது சில ஆம்ப்கள் காதுக்குக் கேட்காத உயர் அலைவரிசையில் தானாக ஊசலாடத் தொடங்கும். பாட்டே ஓடாமல் ஹீட்சிங்க் கொதித்தால் அதுதான். எல்எம்3886க்கு டேட்டாஷீட்டில் இதற்கான தற்காப்பு இருக்கிறது: அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 2.7 ஓமும் 0.1 மைக்ரோஃபேரடும் தொடராக; ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் 0.7 மைக்ரோஹென்றி காயிலும் 10 ஓமும் இணையாக. இந்த ஆம்ப் போர்டில் முதல் பகுதி இருந்தது, காயில் இல்லை. இனாமல் கம்பியை 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டரின் மேல் நெருக்கமாகச் சுற்றி ஒவ்வொரு சேனலுக்கும் ஒன்று சேர்த்தோம். இப்போதைய வயருக்கு அது கட்டாயமில்லை. நாளைக்கு யாராவது வேறு வயர் மாட்டினால் சிப் தப்பிக்கும்.

இணைக்கும் முன்னும் பின்னும்

ஆம்ப், ஸ்பீக்கர் எதுவும் மாட்டாத நிலையில் சிவப்புக்கும் கருப்புக்கும் இடையே, இரண்டிலிருந்தும் எர்த்துக்கு, மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. பிறகு பல்பு, பேட்டரி சோதனை மறுபடி. 1.73 ஆம்பியரில் இடது 0.265 வோல்ட், 153 மில்லிஓம். வலது 0.168 வோல்ட், 97 மில்லிஓம். மறுபடி பென்டார்ச் செல், இரண்டு கூம்பும் வெளியே வந்தன.

ஆம்ப்பில் 2.83 வோல்ட் வைத்து 180 ஹெர்ட்ஸில்: இடது 2.71, வலது 2.76. 60 ஹெர்ட்ஸில் இரண்டும் 2.81, 2.82. மேடுபள்ளம் 3 டெசிபலிலிருந்து 0.3 டெசிபலுக்கு இறங்கியிருக்கிறது. பெட்டியின் கியூ 0.76. பாடுபவர் நடுவுக்கு வந்துவிட்டார், தவில் அடி அடித்த இடத்திலேயே முடிகிறது. அறையின் மூலையில் 45 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முழக்கம் இன்னும் இருக்கிறது. அது சுவர் இடைவெளியால் வருவது. ஸ்பீக்கரை மூலையிலிருந்து நகர்த்தித்தான் குறைக்க வேண்டும், வயரால் ஆகாது.

ஒரு மாதம் கழித்து எட்டுத் திருகையும் மறுபடி தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தோம். இழைக் கற்றை அழுத்தத்தில் படிந்து கொஞ்சம் இடம் கொடுக்கும். எட்டில் மூன்று திருகுகள் கால் சுற்று ஏறின.